கழுவிய கீரையில் தப்பிய கிருமிக்கு உள்ளே என்ன நடந்தது? மெட்டபாலோமிக்ஸ் ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2006 செப்டம்பரில் அமெரிக்காவில் பையில் அடைத்து விற்ற இளம் பாலக்கீரையைச் சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக நோயில் விழுந்தார்கள். 26 மாநிலங்களில் 199 பேருக்குப் பாதிப்பு, 3 பேர் இறந்தார்கள். காரணம் ஈ.கோலை ஓ157:எச்7, அதாவது குடல் பாக்டீரியாவான ஈ.கோலையின் ஆபத்தான வகை. அது கழுவாத கீரை அல்ல. கழுவி, 'பிரித்து அப்படியே சாப்பிடலாம்' என்று விற்ற கீரை.

இலைக் காய்கறிகளைக் குளோரின் கலந்த நீரில் கழுவினால் இலைமேல் உள்ள கிருமி பெரும்பாலும் 1 முதல் 2 லாக் வரைதான் குறையும். அதாவது 90 முதல் 99 சதவீதம் போய்விடும், மீதி இலையிலேயே இருக்கும். அந்த மீதிக்கு என்ன நடந்தது என்று காலனி எண்ணிக்கை, அதாவது ஊடகத் தட்டில் (பிளேட்டில்) முளைக்கும் கிருமித் திட்டுகளை எண்ணுவது, சொல்லாது. பிளேட்டில் முளைத்தால் உயிர், முளைக்காவிட்டால் சாவு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஆனால் உயிரோடு இருந்தும் பிளேட்டில் முளைக்காத நிலை ஒன்று உண்டு. மேரிலாந்தில் நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெலின் குழு 1982-லேயே அதைக் காட்டிவிட்டது. 2018-ல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குளோரினில் நனைந்த, உணவு வழியே பரவும் கிருமிகளான லிஸ்டீரியாவும் சால்மொனெல்லாவும் இந்த நிலைக்குப் போவதைப் பார்த்தார்கள். அப்படி முளைக்காமல் கிடந்த பாக்டீரியாவைத் தின்ற நூற்புழுக்களின் ஆயுள் குறைந்தது. பிளேட்டை மட்டும் நம்பியிருந்தால் 'சுத்தம்' என்று எழுதியிருப்பார்கள்.

ஆக, கிருமியின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். மெட்டபாலோமிக்ஸ் என்பது ஒரு செல்லில் ஓடிக்கொண்டிருக்கும் சிறு மூலக்கூறுகளை, அதாவது சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி, ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும் குளுட்டதயோன் போன்ற வளர்சிதைப் பொருள்களை, மொத்தமாக அளக்கும் முறை. மரபணு வெளிப்பாட்டைப் பார்த்தால் செல் என்ன செய்ய நினைத்தது என்று தெரியும். சிறு மூலக்கூறுகளைப் பார்த்தால் கையில் என்ன மிஞ்சியது என்று தெரியும். குளோரின் மாதிரி சில நொடிகளில் தாக்கும் பொருளுக்கு இரண்டாவதுதான் முதலில் வேண்டும்.

இந்த வழிகாட்டி ஈ.கோலையையும் குளோரின் நீரையும் முன்வைத்தே போகிறது. மீயொலி, புறஊதா, உயர் அழுத்தம், கரிம அமிலம் என்று எதை எடுத்தாலும் படிகள் இவையேதான். எல்லாப் படிகளிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்: நான் அளக்கும் இந்த மூலக்கூறு யாருடையது? தப்பிய செல்லுடையதா, செத்த செல்லுடையதா, இலையுடையதா, வளர்ப்பு ஊடகத்துடையதா? இதைக் கேட்காமல் எழுதிய கட்டுரைகள் ஏராளம். என் முதல் கட்டுரையின் வரைவும் அதில் சேர்த்திதான், நல்லவேளை அது வெளிவரவில்லை.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

'குளோரின் ஈ.கோலையின் வளர்சிதை மாற்றத்தை எப்படிப் பாதிக்கிறது?' என்பது ஆய்வுக் கேள்வி அல்ல, தலைப்பு. '5 நிமிடக் குளோரின் குளியலுக்குப் பிறகு தப்பிய செல் தன் குளுட்டதயோனை எவ்வளவு நேரத்தில் மீட்கிறது?' என்பது கேள்வி. கேள்வி இந்த அளவுக்குச் சுருங்கினால்தான் எந்த நேரப் புள்ளியில் மாதிரி எடுப்பது, எந்தக் கருவியில் போடுவது என்று முடிவு செய்ய முடியும்.

கிருமி நீக்கும் பொருளின் வேதியியலையும் இப்போதே படித்துவிடுங்கள். குளோரின் நீரில் வேலை செய்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். அதன் பிகேஏ, அதாவது அதில் பாதி அமிலமாகவும் பாதி அயனியாகவும் இருக்கும் பிஎச், சுமார் 7.5. அதனால் பிஎச் 6.5-ல் குளோரினில் ஏறக்குறைய 90 சதவீதம் இந்த அமிலமாக இருக்கும், 8.5-ல் சுமார் 10 சதவீதம்தான். பாட்டிலில் ஒரே பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எழுதியிருந்தாலும் பிஎச் மாறினால் வேறு மருந்து என்றே வைத்துக்கொள்ளலாம். உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சி எடுக்கும் மின்னாற்பகுத்த நீரிலும் வேலை செய்வது இதே அமிலம்தான். பெயர் புதிது, ஆள் பழசு. இந்த அமிலம் முதலில் பாய்வது கந்தகம் உள்ள இடங்களில்: சிஸ்டீன், மெத்தியோனின், குளுட்டதயோன். அடுத்தது அமீன்கள். இதைத் தெரிந்து வைத்திருந்தால், முடிவில் வரும் நீண்ட பட்டியலில் எங்கே கண்ணை வைப்பது என்று குழம்ப வேண்டாம்.

படி 2: இனம், பாதுகாப்பு, வளர்ப்பு

ஓ157:எச்7 குறைந்தது உயிர்ப் பாதுகாப்பு நிலை 2 ஆய்வகத்தில் கையாள வேண்டியது. நோய் வர மிகச் சில செல்களே போதும், குழந்தைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடியது. முறையைச் செப்பனிடும் மாதங்களில் நஞ்சு மரபணு இல்லாத ஓ157:எச்7 இனமான ஏடிசிசி 43888-ஐயோ, தீங்கற்ற ஆய்வக இனமான கே-12-ஐயோ பயன்படுத்துங்கள். லிஸ்டீரியாவுக்குப் பதிலாகத் தீங்கற்ற லிஸ்டீரியா இன்னோகுவா உண்டு. எல்லாம் படிந்த பிறகு உண்மையான நோய்க்கிருமிக்குப் போகலாம்.

வளர்ப்பு ஊடகம் பற்றி என் கருத்து உறுதியானது: முடிந்தால் குளுக்கோஸ் சேர்த்த எம்9 போன்ற எளிய ஊடகம். டிரிப்டிக் சோயா புரோத் முழுக்க அமினோ அமிலங்களும் பெப்டைடுகளும்தான். அது பெல்லட்டில், அதாவது சுழற்றும்போது அடியில் படியும் செல் கட்டியில், ஒட்டிக்கொண்டு வந்து 'செல்லுக்குள் லூசின் கூடியது' என்று உங்களை எழுத வைக்கும். போதாக்குறைக்கு, புரோத்தே குளோரினை விழுங்கிவிடும். அதனால் எந்த ஊடகத்தில் வளர்த்தாலும் சிகிச்சைக்கு முன் செல்களைப் பாஸ்பேட் கரைசலில் அலச வேண்டும். கட்டுப்பாட்டு மாதிரியையும் அதே நேரம், அதே வெப்பநிலையில் அலசுங்கள். அலசுவதே செல்லுக்கு ஒரு பட்டினிதான்.

வளரும் கட்டமா, பெருக்கம் நின்ற நிலைத்த கட்டமா? இலைமேல் கிடக்கும் கிருமி வேகமாகப் பெருகிக்கொண்டிருப்பதில்லை. நிலைத்த கட்டச் செல்களே அந்த நிலைமைக்கு அருகில் வருபவை. அவை கூடுதலாகத் தாங்குபவையும்கூட.

ரெப்ளிகேட் (ஒரே சோதனையின் தனித்தனி மறுபதிப்புகள்) விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஒரே குடுவையை 6 குழாய்களில் பிரித்தால் அது 6 மாதிரி அல்ல, ஒரே மாதிரியை 6 முறை அளந்தது. தனித்தனிக் காலனியிலிருந்து, முடிந்தால் தனித்தனி நாள்களில், ஒரு குழுவுக்குக் குறைந்தது 6 எடுங்கள்.

படி 3: எவ்வளவு குளோரின்?

இந்த ஆய்வின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது, இங்கே கொஞ்சம் நின்று நிதானித்துப் போவோம்.

ஒரு குழாயில் 100 கோடி செல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 3 லாக் குறையும் அளவுக்குக் குளோரின் போடுகிறீர்கள். தப்பியவை 10 லட்சம். பிறகு மொத்த பெல்லட்டையும் பிழிந்து அளக்கிறீர்கள். உங்கள் சாற்றில் ஆயிரத்தில் 999 பங்கு பிணங்களிலிருந்து வந்தது. 'ஏடிபி குறைந்தது, குளுட்டமேட் குறைந்தது, ஆற்றல் வளர்சிதை மாற்றம் சீர்குலைந்தது' என்று எழுதினால், செத்த செல் ஒழுகும் என்ற பழைய உண்மையைப் புதிய கருவியில் கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்றுதான் பொருள்.

அதனால் முதல் வேலை, சாவு வளைவு வரைவது. 0-விலிருந்து தொடங்கிக் குறைந்தது 6 செறிவுகள், ஒவ்வொன்றிலும் 3 அல்லது 4 நேரப் புள்ளிகள். அதிலிருந்து இரண்டு அளவுகளைப் பொறுக்குங்கள். ஒன்று, பெரும்பாலான செல்கள் பிழைத்துக் காயம் மட்டும் படும் அளவு. காலனி எண்ணிக்கை பாதிக்கு மேல் குறையாத இடம் என்று நான் வைத்துக்கொள்வேன். இன்னொன்று, நன்றாகக் கொல்லும் அளவு. முதலாவது உயிருள்ள செல் எப்படி எதிர்வினை செய்கிறது என்று காட்டும். இரண்டாவது சாவின் முகம் எப்படி இருக்கும் என்று காட்டும், அதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த சிக்கல் செல் அடர்த்தி. கருவிக்குக் கோடிக்கணக்கில் செல்கள் வேண்டும். ஆனால் அவ்வளவு செல்களை ஒரு மில்லிலிட்டரில் நெருக்கினால் அவையே குளோரினைத் தின்று தீர்த்துவிடும். ஒரு மி.லி.-யில் ஒரு லட்சம் செல்கள் இருக்கும்போது 10 பிபிஎம் என்பதும், 100 கோடி செல்கள் இருக்கும்போது 10 பிபிஎம் என்பதும் ஒன்றல்ல. பந்தியில் ஒரே அண்டா சாம்பார்தான், உட்கார்ந்தவர்கள் பத்துப் பேரா பத்தாயிரம் பேரா என்பதைப் பொறுத்து ஆளுக்குக் கிடைப்பது மாறும். எனவே ஆரம்பத்திலும் முடிவிலும் தனிக் குளோரினை அளந்து இரண்டையும் எழுதுங்கள். இளஞ்சிவப்பு நிறம் தரும் டிபிடி சோதனை போதும். முடிந்தவரை குறைந்த அடர்த்தியில், பெரிய கன அளவில் சிகிச்சை செய்து, பிறகு வடிகட்டிச் சேர்ப்பது நல்லது.

கட்டுப்பாட்டு மாதிரிகளில் கஞ்சத்தனம் வேண்டாம். வெறும் நீர். நடுநிலையாக்கி (குளோரினை நிறுத்தும் பொருள்) மட்டும் சேர்த்த நீர். குளோரினையும் நடுநிலையாக்கியையும் முன்பே கலந்து செயலிழக்க வைத்த பிறகு செல்களைச் சேர்த்தது. வெப்பத்தில் முழுமையாகக் கொன்ற செல்கள். இந்தக் கடைசி மாதிரியை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் குளோரின் மாதிரி வெப்பத்தில் செத்ததைப் போலவே தோன்றினால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஒழுகல்தான்.

படி 4: நிறுத்துவதும் உறையவைப்பதும்

செல்லுக்குள் ஏடிபி நொடிக்கணக்கில் புரள்கிறது. நீங்கள் குழாயைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரிஃபியூஜ் வரை நடக்கும் நேரத்தில் கதை மாறிவிடும். என் முதல் ஆண்டில் எல்லா மாதிரிகளையும் 4 டிகிரியில் 10 நிமிடம் சுழற்றினேன். ஏடிபி செலவாகும்போது மிஞ்சும் ஏஎம்பி எக்கச்சக்கமாக இருந்தது. ஆற்றல் நெருக்கடி என்று குதித்தேன். அப்புறம்தான் ஒரு சீனியர் கட்டுப்பாட்டு மாதிரியின் எண்களைக் கேட்டார். அங்கேயும் அதே ஏஎம்பி. நெருக்கடியை உண்டாக்கியது குளோரின் இல்லை, காற்றில்லாமல் அடியில் நெருங்கிக் கிடந்த பெல்லட்தான்.

இதற்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு. தமிழில் ATP, ADP இரண்டும் ஏடிபிதான் என்பதால் குழம்பிவிடாமல் கவனமாகப் படியுங்கள்: அடினோசின் ட்ரைபாஸ்பேட்டையும் (இந்த வழிகாட்டியில் ஏடிபி என்பது இதுதான்) டைபாஸ்பேட்டில் பாதியையும் கூட்டி, ட்ரை, டை, மோனோ மூன்று அடினோசின் பாஸ்பேட்டுகளின் கூட்டுத்தொகையால் வகுங்கள். இதுதான் ஆற்றல் மின்னூட்டம் எனப்படும் எண். நன்றாக வளரும் ஈ.கோலையில் இது 0.8-க்கு மேல் இருக்க வேண்டும். வளரும் கட்டச் செல்களை வைத்து முறையைச் சோதிக்கும்போதே அதற்குக் கீழே இருந்தால், அந்த மாதிரி சேகரிப்பு முறையைத் தூக்கி எறியுங்கள்.

நான் இப்போது பின்பற்றுவது வேக வடிகட்டல். செல் கரைசலை 0.45 மைக்ரான் சவ்வின் மேல் ஊற்றி உறிஞ்சி, சவ்வை அப்படியே மைனஸ் 20 டிகிரி கரைப்பானில் கவிழ்த்துவிடுவது. எல்லாம் அரை நிமிடத்துக்குள். குளிர்ந்த மெத்தனாலை நேராகக் கரைசலில் ஊற்றும் முறை ஈஸ்டுக்கு நன்றாக வேலை செய்தாலும், பாக்டீரியாவில் குளிர் அதிர்ச்சியால் உள்ளிருப்பது வெளியே ஒழுகும். ஏற்கெனவே குளோரினில் சவ்வு அடிபட்ட செல் இன்னும் அதிகமாக ஒழுகும். அதாவது உங்கள் முறையே சிகிச்சைக் குழுவுக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்யும். வடிநீரைக் கொட்டிவிடாதீர்கள், தனியாக உறையவையுங்கள். படி 9-ல் அதுதான் சாட்சி.

நடுநிலையாக்கி பற்றி ஒரு வார்த்தை. நுண்ணுயிரியல் பழக்கத்தில் எல்லோரும் ட்வீன் 80, லெசித்தின் சேர்த்த கலவையை எடுப்பார்கள். இந்த ஆய்வில் அது நாசம். ட்வீன் நிறை நிறமாலையில் (மூலக்கூறுகளை எடையால் பிரித்துக் காட்டும் முறையில்) 44 டால்டன் இடைவெளியில் வேலி போட்ட மாதிரி சிகரங்களை நட்டுவிடும், பக்கத்தில் எதுவும் தெரியாது. குளோரினுக்குச் சோடியம் தயோசல்பேட் போதும். அதில் ஹைட்ரஜன் இல்லை என்பதால் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தப்புலத்தில் வைத்துப் படிக்கும் புரோட்டான் என்எம்ஆரில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது உப்பு. நீர்மத்தில் பிரித்து நிறையால் அளக்கும் எல்சி-எம்எஸ்ஸில் அயனியாக்கத்தை அமுக்கும். தேவைக்குச் சற்றே கூடுதலாகச் சேர்த்தால் போதும், அள்ளிக் கொட்ட வேண்டாம்.

படி 5: சாறு எடுப்பது

அசிட்டோநைட்ரைல், மெத்தனால், நீர் 40:40:20 என்ற விகிதத்தில், 0.1 மோலார் ஃபார்மிக் அமிலத்தோடு, மைனஸ் 20 டிகிரியில். அமிலம் நொதிகளை உடனே முடக்கி, ஏடிபி உடைவதைத் தடுக்கிறது. பிறகு அம்மோனியம் பைகார்பனேட்டால் நடுநிலையாக்கி, சுழற்றி, தெளிந்ததை எடுத்து, உலர்த்தி மைனஸ் 80-ல் வையுங்கள். லிஸ்டீரியா போன்ற தடித்த சுவருள்ளவற்றுக்குக் கண்ணாடி மணிகளோடு குலுக்க வேண்டியிருக்கும்.

குளுட்டதயோன்தான் உங்கள் இலக்கு என்றால் ஒரு எச்சரிக்கை. சாறு எடுக்கும்போதே காற்றுப்பட்டு அது ஆக்சிஜனேற்றமாகும். பிறகு குளோரின் செய்ததா, நீங்கள் செய்ததா என்று பிரிக்க முடியாது. என்-எத்தில்மாலிமைடைக் கரைப்பானிலேயே சேர்த்து, கந்தகத் தலையை உடனே மூடிவிடுங்கள். மெத்தியோனின் சல்பாக்சைடுக்கும் இதே சந்தேகம் உண்டு. உலர்த்தும்போது அது தானாகவும் உருவாகும். கட்டுப்பாட்டு மாதிரியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் எதுவும் எழுதாதீர்கள்.

நிலை 2 ஆய்வகத்திலிருந்து சாற்றை வெளியே கொண்டுபோகும் முன் ஒரு துளியைப் பிளேட்டில் போட்டு எதுவும் முளைக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கருவி அறைக்காரர் கேட்கமாட்டார். நீங்கள் செய்ய வேண்டும்.

படி 6: எந்தக் கருவி?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஈ.கோலை செல் ஒன்றின் கன அளவு சுமார் ஒரு ஃபெம்டோலிட்டர். 100 கோடி செல்களைச் சேர்த்தால் ஒரு மைக்ரோலிட்டர். குளுக்கோஸில் வளரும் ஈ.கோலையின் உள்ளே குளுட்டமேட் 96 மில்லிமோலார், குளுட்டதயோன் 17, ஏடிபி 9.6 என்று 2009-ல் வெளியான அளவீடு இருக்கிறது. அந்த ஒரு மைக்ரோலிட்டரை 600 மைக்ரோலிட்டர் என்எம்ஆர் குழாயில் கரைத்தால் குளுட்டமேட் 160 மைக்ரோமோலார், ஏடிபி 16. செல்கள் 10 கோடிதான் என்றால் ஏடிபி 1.6-க்கு இறங்கிவிடும், சாதாரண 600 மெகாஹெர்ட்ஸ் கருவியில் இரைச்சலோடு கலந்துவிடும். ஆகவே என்எம்ஆருக்கு ஒரு மாதிரிக்கு 1000 கோடி செல்களைக் குறிவையுங்கள். அதற்கு வழியில்லை என்றால் எல்சி-எம்எஸ்.

என் ஆலோசனை, முதல் சுற்று என்எம்ஆர். மீண்டும் மீண்டும் அளந்தாலும் மாறாத எண் தரும், அளவை நேரடியாகச் சொல்லும், மாதிரியும் கெடாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னாற்பகுத்த நீர், மீயொலி பற்றி வந்த ஈ.கோலை ஆய்வுகள் இந்த வழியில்தான் போயின. கனநீரில் பிஎச் 7.4 பாஸ்பேட் தாங்கல், 0 பிபிஎம் குறியீட்டுக்கு டிஎஸ்எஸ் என்ற ஒப்பீட்டுப் பொருள். பிஎச் மாறினால் சிகரங்கள் நகரும், எனவே தாங்கல் செறிவில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். கவனியுங்கள், இங்கே பிபிஎம் என்பது குளோரின் பிபிஎம் அல்ல, சிகரம் நிற்கும் இடத்தின் அளவு. கூட்டத்தில் பேசும்போது இரண்டையும் குழப்பி ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன்.

இரண்டாம் சுற்றில், என்எம்ஆர் காட்டிய பாதைகளை ஒட்டி நீரில் கரையும் சிறு மூலக்கூறுகளைப் பிரிக்கும் ஹிலிக் நிரலோடு எல்சி-எம்எஸ். நியூக்ளியோடைடுகள், குளுட்டதயோனின் இரண்டு வடிவங்கள், சர்க்கரை பாஸ்பேட்டுகள் எல்லாம் அதில் நன்றாகத் தெரியும். கரிம அமிலங்களுக்கும் கொழுப்பு அமிலங்களுக்கும் ஆவியாக்கிப் பிரிக்கும் ஜிசி-எம்எஸ் மலிவானது, நூலகங்களும் பெரியவை.

எந்தக் கருவியானாலும், எல்லா மாதிரிகளிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்த தரக்கட்டுப்பாட்டுக் கலவையை ஒவ்வொரு 5 அல்லது 6 மாதிரிக்கும் நடுவில் ஓட்டுங்கள். அதில் 30 சதவீதத்துக்கு மேல் ஆடும் சிகரத்தை நீக்குங்கள். செல்லே இல்லாமல் எல்லாப் படிகளையும் கடந்த வெற்று மாதிரியும் வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலிருந்து மெத்தனால் எதையெல்லாம் கரைத்துக் கொண்டுவருகிறது என்று பார்த்தால் அதிர்ந்துபோவீர்கள். ஓட்டும் வரிசையைக் குலுக்கிப் போடுங்கள்.

படி 7: எதனால் வகுப்பது?

காலனி எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். 3 லாக் செத்திருக்கும்போது அப்படி வகுத்தால், எல்லா மூலக்கூறும் தப்பிய செல்லில் ஆயிரம் மடங்கு கூடியதாகத் தெரியும். புரத அளவும் நம்பகமில்லை, குளோரின் புரதத்தையே தாக்குகிறது. சிகிச்சைக்கு முன் எல்லாக் குழாய்களிலும் ஒரே எண்ணிக்கையில் செல்களை வைத்து, அந்தத் தொடக்க எண்ணிக்கையால் வகுப்பதுதான் நேர்மையான வழி. செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் இருந்தால் மொத்த செல்லையும், புரோப்பிடியம் அயோடைடு சாயம் ஏறிய, அதாவது சவ்வு கிழிந்த செல்லையும் தனித்தனியே எண்ணிக்கொள்ளுங்கள். சவ்வு கிழிந்தவை எத்தனை சதவீதம் என்ற ஒரே எண், பின்னால் வரும் பத்துப் பக்க விவாதத்தைக் காப்பாற்றும்.

படி 8: புள்ளியியல்

சுருக்கமாக முடிக்கிறேன், இதற்கு நல்ல பாடங்கள் நிறைய உண்டு. மெட்டபோஅனலிஸ்ட் என்ற பகுப்பாய்வுக் கருவி இணையத்தில் இலவசம். முதலில் பிசிஏ, அதாவது குழுப் பெயர் சொல்லாமல் மாதிரிகள் தாமாக எப்படிக் குவிகின்றன என்று பார்க்கும் முறை. தரக்கட்டுப்பாட்டுக் கலவைகள் ஒரே இடத்தில் குவியாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பிசிஏ-வில் குழுக்கள் பிரியவில்லை, ஆனால் குழுப் பெயரைச் சொல்லிக்கொடுத்துப் பிரிக்கும் ஓபிஎல்எஸ்-டிஏ-வில் அழகாகப் பிரிகின்றன என்றால் மகிழ வேண்டாம், அந்த முறை வெறும் இரைச்சலையும் பிரித்துக் காட்டும். பெயர்ச்சீட்டுகளைக் கலைத்து ஆயிரம் முறை ஓட்டும் சோதனையில் தேறியதா என்று பாருங்கள். நூற்றுக்கணக்கான சிகரங்களை ஒரே நேரத்தில் சோதிப்பதால் தற்செயலான வெற்றிகளைக் கட்டுப்படுத்தும் பெஞ்சமினி-ஹோக்பெர்க் திருத்தம் கட்டாயம்.

படி 9: எண்களைப் படிப்பது

இனிமேல்தான் உயிரியல். முதல் சோதனை, ஒழுகல் கணக்கு. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் உள்ளே இருந்ததையும் வடிநீரில் இருந்ததையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை கட்டுப்பாட்டு மாதிரிக்குச் சமமாக வந்து, உள்ளே குறைந்த அளவுக்கு வெளியே கூடியிருந்தால், அது வெறும் ஒழுகல். எல்லா அமினோ அமிலங்களும் ஒரே விகிதத்தில் உள்ளே குறைந்திருந்தாலும் அதே சந்தேகம். கூட்டுத்தொகை மாறினால்தான் செல் எதையோ எரித்தது, உடைத்தது அல்லது உருவாக்கியது, அல்லது குளோரினே அந்த மூலக்கூறை மாற்றிவிட்டது. இந்த எளிய கூட்டலைச் செய்த கட்டுரையைப் பார்த்தால் எனக்கு உடனே மதிப்பு வந்துவிடும்.

ஒழுகலைத் தாண்டி நிற்பவற்றில் கவனிக்க வேண்டியவை:

குளுட்டதயோன் குறைந்து அதன் ஆக்சிஜனேற்ற வடிவம் கூடினால் தாக்குதல் உள்ளே வரை வந்திருக்கிறது. சிகிச்சை முடிந்து 10, 30, 60 நிமிடங்களில் விகிதம் திரும்பினால் செல் மீள்கிறது. திரும்புவதற்கு என்ஏடிபிஎச் என்ற ஒடுக்கும் மூலக்கூறு வேண்டும். அதைத் தருவது பென்டோஸ் பாஸ்பேட் பாதை. அதனால் அந்தப் பாதையில் வரும் 6-பாஸ்போகுளுக்கோனேட்டையும் பாருங்கள். சர்க்கரையை உடைக்கும் முதன்மைப் பாதையான கிளைக்காலிசிஸில் உள்ள ஜிஏபிடிஎச் நொதியின் சிஸ்டீன் ஆக்சிஜனேற்றத்தில் அடிபட்டால் சர்க்கரை அந்தப் பக்கம் திருப்பிவிடப்படும். சாலை அடைத்ததால் சந்துக்குள் வண்டி ஓட்டுவது போல, ஆனால் இந்தச் சந்து செல்லுக்கு ஆதாயமானது.

ஏடிபி குறைவை அவசரப்பட்டு 'சேதம்' என்று எழுதாதீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உர்சுலா யாக்கோப்பின் குழு, ஹைப்போகுளோரஸ் அமிலம் பட்டவுடன் எச்எஸ்பி33 என்ற காவல் புரதம் விழித்துக்கொள்வதை 2008-ல் காட்டியது. 2014-ல், இந்தத் தாக்குதலின்போது பாலிபாஸ்பேட் சங்கிலிகள் சேர்வதையும், அவை புரதங்கள் சுருண்டு கட்டியாவதைத் தடுப்பதையும் காட்டியது. அந்தச் சங்கிலி ஏடிபியிலிருந்து பின்னப்படுகிறது. அதாவது ஏடிபி இறங்கியது தோல்வியாகவும் இருக்கலாம், செலவு செய்த பாதுகாப்பாகவும் இருக்கலாம். புரோட்டான் என்எம்ஆர் பாலிபாஸ்பேட்டைக் காட்டாது. பாஸ்பரஸ்-31 என்எம்ஆரோ தனிச் சோதனையோ வேண்டும்.

அமிலத்தில் கழுவினால் கதாநாயகன் வேறு. ஈ.கோலை குளுட்டமேட்டைக் காபா என்ற சேர்மமாக மாற்றும்போது ஒரு புரோட்டானைச் செலவழித்து, காபாவை வெளியே தள்ளி, புதிய குளுட்டமேட்டை உள்ளே எடுக்கும். உள்ளே குளுட்டமேட் குறைந்து வெளியே காபா கூடினால் அந்தப் பம்பு ஓடுகிறது. ஆர்ஜினினிலிருந்து அக்மாட்டினும் லைசினிலிருந்து கடவெரினும் அதே குடும்பம். இலையில் காய்ந்து கிடந்த கிருமி என்றால் டிரெஹலோஸ், பீட்டெய்ன் பக்கம் பாருங்கள்.

லிஸ்டீரியாவில் குளுட்டதயோனுக்கு இன்னொரு முகம் உண்டு. நோயுண்டாக்கும் மரபணுக்களை இயக்கும் பிஆர்எஃப்ஏ புரதத்தோடு ஒட்டி அதைத் தூண்டுவது குளுட்டதயோன்தான் என்று 2015-ல் தெரியவந்தது. ஆகவே லிஸ்டீரியாவில் குளுட்டதயோன் மீள்வதைப் பார்க்கும்போது, அது வெறும் காயம் ஆறும் கதை மட்டும்தானா என்று கேட்க வேண்டும்.

படி 10: இலைக்கு மாற்றுவது

குழாயில் கிடைத்ததை இலையில் பார்க்க எல்லோருக்கும் ஆசை. மறுபடியும் ஒரு கணக்கு. ஒரு கிராம் லெட்யூஸ் இலையில் சுமார் 95 சதவீதம் நீர், உலர் எடை 50 மில்லிகிராம். அதன்மேல் 10 லட்சம் ஈ.கோலை இருந்தால், அவற்றின் மொத்த உலர் எடை ஏறக்குறைய 0.3 மைக்ரோகிராம். இலை ஒன்றரை லட்சம் மடங்குக்கு மேல் பெரியது. இலையோடு அரைத்துச் சாறு எடுத்தால் கிருமியின் குரல் கல்யாண மண்டபத்து நாகஸ்வரத்துக்கு நடுவே கொசு ரீங்காரம். அதுவும் லெட்யூஸ் தானே குளுட்டமேட், காபா எல்லாம் வைத்திருக்கும் செடி, வெட்டினால் காபாவைக் கூட்டவும் செய்யும்.

இரண்டு வழிகள் உண்டு. இலையை அரைக்காமல் மெதுவாகக் குலுக்கிக் கிருமியை அலசி எடுத்து, பெரிய துளைச் சவ்வில் இலைத்துகளைப் பிடித்து, சிறிய துளைச் சவ்வில் கிருமியைச் சேர்ப்பது ஒன்று. சில நிமிடங்கள் ஆகும், ஏடிபி பற்றிப் பேசும் உரிமையை இழந்துவிடுவீர்கள். ஆனால் நிலையான மூலக்கூறுகள் பற்றிப் பேசலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது: கிருமியைக் கார்பன்-13 குளுக்கோஸை மட்டும் கொடுத்து வளர்த்து, எல்லாக் கார்பனும் கனமான பிறகு இலைமேல் விடுவது. நிறை நிறமாலையில் கனமான குளுட்டமேட் கிருமியுடையது, லேசானது இலையுடையது. கனம் நாளாக நாளாகக் குறைந்தால், கிருமி இலையின் சர்க்கரையைத் தின்கிறது என்று பொருள். செலவு கடிக்கும், ஆனால் யாருடைய மூலக்கூறு என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

முளைகட்டிய விதைகளில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் கடினம். 2011-ல் ஜெர்மனியில் 50-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற ஈ.கோலை ஓ104:எச்4 தொற்று, எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையின் முளைகளோடு தொடர்புபடுத்தப்பட்டது. நம் வீடுகளில் வெந்தயம் முளைகட்டுவதை நினைத்துக்கொண்டேதான் அந்த அறிக்கையைப் படித்தேன். விதை முளைக்கும் அதே ஈரமும் கதகதப்பும் கிருமிக்கும் விருந்து. இரண்டின் வளர்சிதை மாற்றமும் ஒரே நேரத்தில் ஓடும், அங்கே கார்பன்-13 இல்லாமல் இறங்காதீர்கள்.

படி 11: சொன்னதைச் சோதிப்பது

மெட்டபாலோமிக்ஸ் தருவது சந்தேக நபர்களின் பட்டியல். குற்றத்தை நிரூபிக்க வேறு சோதனை வேண்டும். ஈ.கோலை கே-12-ல் ஒவ்வொரு மரபணுவாக நீக்கிய 3,985 இனங்கள் கொண்ட கெய்யோ தொகுப்பு 2006 முதல் கிடைக்கிறது. குளுட்டதயோன்தான் காப்பாற்றியது என்றால் அதைத் தயாரிக்க உதவும் ஜிஎஸ்எச்ஏ மரபணு இல்லாத இனம் அதே குளோரினில் அதிகமாகச் சாக வேண்டும். காபா பம்பு என்றால் அந்தப் பம்பின் ஜிஏடிசி மரபணு இல்லாத இனம் அமிலத்தில் விழ வேண்டும். எதிர்ப்பக்கச் சோதனையும் செய்யுங்கள். சந்தேகிக்கும் மூலக்கூறை வெளியிலிருந்து கொடுத்தால் மீட்சி வேகமாகிறதா? ஆனால் குளோரினை நடுநிலையாக்கிய பிறகு கொடுங்கள். முன்பே கொடுத்தால், மெத்தியோனினே குளோரினை விழுங்கி, 'மெத்தியோனின் செல்லைக் காக்கிறது' என்ற பொய்யான முடிவைத் தரும்.

மூலத்தரவை மெட்டபோலைட்ஸ் என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் போடும்போது சாவு வளைவு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இருந்த தனிக் குளோரின், பிஎச், செல் அடர்த்தி, சவ்வு கிழிந்த செல்லின் சதவீதம், வடிநீர் அளவீடுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். மரபணு நீக்கிய இனத்துக்கும் சாதாரண இனத்துக்கும் சாவில் வித்தியாசமே வரவில்லை என்றால் அதையும் போடுங்கள். கட்டுரையில் வரைந்து வைத்த அந்த அழகான பாதை வரைபடத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.